மூன்று கட்டத்தில் ஒரு கோள்

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்கள் பதறவே வேண்டாம். அந்த வீட்டில் மாமனார் மருமகளிடம் பேசுவதில்லை. பேச்சே நடக்காத வீட்டில் நீங்கள் எதைத் தவறவிட்டிருக்கப் போகிறீர்கள்?

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெரியவர் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். மோட்டாரைப் போட்டுவிட்டால் தொட்டி நிறையும் வரை சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. உட்கார்ந்த இடத்தில் குறுக்கெழுத்துப் புதிர் போட ஆரம்பித்தார். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்து வேர் பிடித்துவிட்டது. குடியிருப்பு முழுக்க அவருக்குக் 'கட்டம் சார்' என்றே பேர்.

அவர் மனைவி தையல்காரம்மா. வாயும் மெஷினும் ஒரே வேகத்தில் ஓடும். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். கரைக்கு வந்திருந்த சமயத்தில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பெண்ணைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கப்பல் ஏறிவிட்டான். அவன் மேல் வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? கையில் அகப்பட்டவள் மருமகள்.

"தண்ணி வேணும்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்வார். மருமகள் அவருக்கு நேர் எதிரே செம்போடு நின்றுகொண்டிருப்பாள். மூன்று மாதமாக இதே கூத்து. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

*

இன்று காலையும் வழக்கம்போலப் பேப்பர் வந்தது. கட்டம் சார் வழக்கம்போல அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அடியில் சின்ன எழுத்தில் 'நேற்றைய விடைகள்' என்று இருந்த துண்டைக் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நறுக்கென்று கிழித்தார். மனைவியிடம் நீட்டினார். அவள் அதை மெஷின் இழுப்பறையில் போட்டாள். எண்ணெய் விட்ட பிறகு ஊசியைத் துடைக்க அந்தத் துண்டுகள்தான் உதவும்.

அவருடைய கொள்கை அது. "விடையைப் பார்க்கிறவன் புதிர் போடுறவன் இல்லை. காப்பி அடிக்கிறவன்" என்பார். பென்சிலும் கிடையாது. பேனாதான். ஒரு கட்டம்கூடக் காலியாக விட மாட்டார்.

அப்படிப் போட்டுப் போட்டுச் சேர்த்த அறிவுதான் அவர் சொத்து. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தீக்கோழிக்கு மூளையைவிடக் கண் பெரிது, ஒட்டகச்சிவிங்கிக்கு நாக்கு கருப்பு. ரேஷன் வரிசையில் நின்றால்கூட முன்னால் நிற்பவருக்கு ஒன்று, பின்னால் நிற்பவருக்கு ஒன்று எடுத்துவிடுவார். ஆக்டோபஸுக்கு எதற்கு மூன்று இதயம் என்று கேட்டால் மட்டும் இருமல் வந்துவிடும். கட்டத்தில் அதற்கு இடமில்லை, பாவம்.

"ஏங்க, இன்னிக்காவது அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை நல்லதா சொல்லுங்களேன்" என்றாள் தையல்காரம்மா.

"போட்டிக்கு நடுவர் நான். நடுவர் போட்டியாளர்கிட்ட பேசக் கூடாது."

"நேத்தெல்லாம் நீங்க நடுவர் இல்லையே? முந்தாநாளு?"

அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். குடியிருப்பு வாசகசாலையின் சிறுவர் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். சம்பளம் உண்டு, மரியாதை உண்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலை. விண்ணப்பித்தவர்களில் கடைசியாக இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி நம் மருமகள். இன்னொருத்தி வாசகசாலைச் செயலாளரின் மச்சினி. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போனவள். யாரை எடுத்தாலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, பொது அறிவுப் போட்டி வைத்து முடிவு செய்வதாகக் கமிட்டி சொல்லிவிட்டது. கேள்வி கேட்கக் கட்டம் சாரை விட்டால் வேறு யார்?

"அவர் மருமகளே போட்டியில இருக்காளே" என்று யாரோ இழுத்தார்களாம்.

"அட போய்யா. அந்தப் பொண்ணுகிட்ட அவர் பேசுறதே இல்ல. சலுகையா குடுக்கப் போறாரு?" என்று செயலாளரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடுப்படியில் தையல்காரம்மா மருமகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "பயமா இருக்கா?"

"பயம் இல்ல அத்தை. கிடைக்கணும். இந்த வீட்டுல எந்த நாற்காலியில உட்கார்ந்தாலும் யாரோ எழுந்துக்கச் சொல்லப் போறாங்கன்னே தோணுது. அங்கயாவது எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கும்."

தையல்காரம்மா அவள் புடவை மடிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

*

வாசகசாலையில் ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் கட்டம் சார், சலவைச் சட்டையில். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள், கையில் ஆளுக்கொரு சிலேட்டு. கேள்வி கேட்டதும் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது. நல்ல ஏற்பாடுதான்.

கேட்டுக்கொண்டே போனார். இருவரும் சளைக்கவில்லை. இவள் ஒன்று விட்டால் அவள் ஒன்று விட்டாள். தயாரித்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் தீர்ந்தபோது இருவரும் சமமாக நின்றார்கள்.

"இன்னும் ஒண்ணு கேளுங்க சார். கடைசி. இதுல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு நாளைக்குக் காலையில சாவி" என்றார் செயலாளர்.

கட்டம் சார் கண்ணை மூடினார். அவருக்கா கேள்விக்குப் பஞ்சம்? எப்போதோ ஒரு நாள் போட்ட கட்டத்திலிருந்து ஒன்றை எடுத்தார்.

"கோள்கள்ல ரொம்ப அதிகச் சூடானது எது? மூணு எழுத்து."

மூன்று எழுத்து என்று அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். பழக்க தோஷம்.

மச்சினி சாக்பீஸைக் கடித்தாள், யோசித்தாள், 'புதன்' என்று எழுதினாள். மருமகள் யோசிக்கவே இல்லை. 'வெள்ளி' என்று எழுதித் தூக்கிப் பிடித்தாள். தூக்கிப் பிடித்தவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நிச்சயம்.

அந்தச் சிரிப்பைக் கட்டம் சார் பார்த்தார். நேராக அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"தப்பு."

இந்த வீட்டுக்கு அவள் வந்த நாள் முதல் மாமனார் அவளிடம் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அது. அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியதே, அதைத்தான் பிற்பாடு அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்கு இன்னும் நேரமிருக்கிறது.

"சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிறது புதன். அடுப்புக்குப் பக்கத்துல இருக்கிறவனுக்குத்தானே அதிகம் சுடும்? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்று கூட்டத்தைப் பார்த்து விளக்கினார். கூட்டம் சிரித்தது. "நல்லவேளை, சனின்னு எழுதாம விட்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மருமகள் வாயைத் திறந்தாள். மாமனாரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"மருமகளா இருந்தா என்ன, மகளா இருந்தா என்ன? தப்பு தப்புதான்" என்றார் அவர்.

அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான். செயலாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நடுநிலைன்னா இதுய்யா நடுநிலை!" என்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். மருமகள் உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தாள். வெள்ளையான அதே கையால் மச்சினிக்குக் கைதட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

*

வீடு திரும்பும்போது கட்டம் சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. அத்தனை பேர் தட்டிய கை காதிலேயே நின்றது. மனம் நிறைந்திருக்கிறபோது மனிதனுக்குத் தாராளம் வரும். அவருக்கும் வந்தது. 'பாவம், சின்னப் பொண்ணு. தெரியாம எழுதிட்டா. இன்னியோட கோபத்தை விட்டுடலாம்' என்று தோன்றியது.

அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். வாசகசாலை அலமாரியிலிருந்து சிறுவர்களுக்கான ஒரு வானியல் புத்தகத்தை வேறு எடுத்துக்கொண்டு வந்தார். மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம்!

கூடத்தில் தையல்காரம்மா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். புருஷனை ஏறிட்டும் பார்க்கவில்லை. மருமகள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, இப்படி வா" என்றார் கட்டம் சார்.

மெஷின் நின்றது. தையல்காரம்மா வாயைப் பிளந்தாள். மருமகள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தாம்மா. தெரியாததுல ஒண்ணும் அவமானம் இல்ல. தெரிஞ்சுக்காம இருக்கிறதுதான் தப்பு. கோள்களைப் பத்தி இதுல இருக்கு. எடுத்துச் சத்தமாப் படி. ஒரு தடவை படிச்சா ஆயுசுக்கும் மறக்காது."

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். திறக்கவில்லை. "அப்புறம் படிக்கிறேன் மாமா. துணி மடிக்கணும்."

"துணி எங்க போயிடப் போகுது? படி."

"சாயந்தரம் தனியாப் படிச்சுக்கிறேனே."

"எங்க முன்னாடி படிக்கிறதுக்கு என்ன வெட்கம்? நாங்க என்ன சிரிக்கவா போறோம்?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் 'காப்பாத்துங்க' என்று இருந்தது. யாரைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று தையல்காரம்மாவுக்கு அப்போது புரியவில்லை. "படியேன்டீம்மா, ஆசையாச் சொல்றாரு" என்றாள்.

மருமகள் பக்கத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். "சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் புதன்."

"பார்த்தியா!"

"ஆனாலும்..." அவள் நிறுத்தினாள். "போதும் மாமா."

"ஆனாலும்? மேல படி."

அவள் படிக்கவில்லை. தையல்காரம்மா எழுந்து வந்து புத்தகத்தை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தாள்.

"ஆனாலும் கோள்களில் மிக வெப்பமானது வெள்ளிதான். அதைச் சூழ்ந்துள்ள அடர்த்தியான காற்று மண்டலம் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அச்சுப் பிழையா இருக்கும்" என்றார் கட்டம் சார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"பக்கத்துலயே எது எத்தனை டிகிரின்னு கணக்கும் போட்டிருக்காங்க, பாருங்க" என்று தையல்காரம்மா புத்தகத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பழைய கட்டம் கண்முன் வந்தது. 'கோள்களில் மிகச் சூடானது', மூன்று எழுத்து. வெள்ளி என்று அவருக்குத் தோன்றவே இல்லை, புதன் என்று போட்டார். மேலிருந்து கீழ் வந்த சொல் அதனால் இடித்தது. அங்கே அர்த்தமில்லாமல் ஐந்தாறு எழுத்து வந்து நின்றபோது, 'ஏதோ பூச்சியின் பேராக இருக்கும்' என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். அப்படி ஒரு பூச்சி எந்தக் காட்டிலும் பறக்கவில்லை. மறுநாள் விடைத் துண்டு வந்திருக்கும். நறுக்கென்று கிழித்து மனைவியிடம் கொடுத்திருப்பார். அது எண்ணெய் துடைத்துக் குப்பைக்குப் போயிருக்கும்.

எழுந்து மெஷின் இழுப்பறையைத் திறந்தார். இன்று காலையில் கிழித்த துண்டு மேலாகவே கிடந்தது. நேற்றைய பேப்பரை எடுத்துவந்து, முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று தப்பு. அடுத்ததும் தப்பு. ஆறு என்று போட்ட இடத்தில் மலை. மலை என்று போட்ட இடத்தில் ஏதோ ஒரு தலைநகரம். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க சொன்னதெல்லாம்?" என்றாள் தையல்காரம்மா. "ஜாக்கெட் தைக்க வர்றவங்க அத்தனை பேருக்கும் நான் எடுத்துச் சொல்லியிருக்கேனே! என் மானமும் சேர்ந்தில்ல போச்சு?"

எது சரி, எது தப்பு என்று அவருக்கே தெரியாது. தெரிந்த ஒன்றுகூட இனி நம்பிக்கையாகச் சொல்ல வாய் வராது. ஆக்டோபஸின் மூன்று இதயம்கூட ஆட்டம் கண்டுவிட்டது.

மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்கு... அங்கயே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"ஏன் சொல்லல? வாயைத் தொறந்தியே, சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் தலை குனிந்தது.

அவள் நல்ல பெண்தான். ஆனால் கல்லில்லையே. மூன்று மாதத்தையும் சேர்த்து அன்றைக்கு அழுதுகொண்டே கொட்டினாள். "நீங்க தப்பா சொன்னதுகூட எனக்குப் பெருசில்ல மாமா. யாருக்கும் எல்லாம் தெரியாது. ஆனா தப்புன்னு சொன்னப்போ உங்க முகத்துல எவ்வளவு சந்தோஷம்! அதைத்தான் என்னால மறக்க முடியல. நான் தோத்தா உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?"

'இல்லைம்மா' என்று சொல்ல நாக்கைப் புரட்டினார். வரவில்லை. ஏனென்றால் ஆமாம், அவ்வளவு சந்தோஷமாகத்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். உடம்பில் சட்டை இல்லாமல் நிற்பதுபோல் கூசிப்போனார்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன். இப்பவே. செயலாளர்கிட்ட போய், தப்பு என்னோடதுதான்னு சொல்லிடறேன். சாவி நாளைக்குத்தானே?" என்றார்.

"நிஜமாவா மாமா?" என்றாள் மருமகள். அழுது முடித்த கண்ணில் எவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வந்துவிடுகிறது, பாருங்கள்!

*

புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். செயலாளர் வீடு இரண்டு வரிசை தள்ளி, மாடியில். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். 'ஒரு சின்னத் திருத்தம் சார்...' இல்லை, சின்னது என்று சொன்னால் பொய். 'ஒரு தப்பு நடந்துபோச்சு சார்...' நடந்துபோச்சு என்றால் தானாக நடந்ததுபோல் இருக்கிறது. 'நான் தப்புப் பண்ணிட்டேன் சார்.' இதுதான் சரி. படியேறும்போது இதையே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரே கூட்டம், சிரிப்பு.

"அடடே, கட்டம் சாரே வந்துட்டாரு! நூறு ஆயுசு. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்" என்று செயலாளர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "சொந்த மருமகளையே 'தப்பு'ன்னாரே! என்னால முடியுமா? உன்னால முடியுமா?"

"சார், நான் ஒண்ணு..."

"முதல்ல இனிப்பு எடுங்க."

மச்சினி தட்டோடு வந்து நின்றாள். கால் வீக்கம் செருப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. வெளியே கிளம்புகிறவளைப்போல் தோளில் கைப்பை. "சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. உங்க மருமக மனசு கஷ்டப்பட்டிருக்கும். இருந்தும் எனக்குக் கைதட்டுச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

கட்டம் சார் பையைத் தொட்டுப் பார்த்தார். புத்தகம் உள்ளேதான் இருந்தது. வெளியே எடுத்தால் போதும். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், காலையில் கைதட்டிய அதே முகங்கள்.

"வாழ்த்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்றார்.

ஐயோ, இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. இனிப்பை வேறு வாயில் போட்டுக்கொண்டார்.

"உட்காருங்க, டீ வருது" என்றார்கள். "இல்ல, மோட்டார் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார். போட்டிக்காக இன்று விடுமுறை எடுத்தவர் எந்த மோட்டாரைப் போட்டாரோ! "எனக்கும் நேரமாச்சு மாமா, கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு மச்சினியும் கட்டம் சாருடனேயே படியிறங்கினாள். தெருமுனையில் அவள் சிரித்துவிட்டு இடது பக்கம் போனாள். அவர் வலது பக்கம் திரும்பினார்.

*

வாசலிலேயே காத்திருந்தாள் மருமகள். "சொல்லிட்டீங்களா மாமா?"

"வீடு பூட்டியிருந்ததும்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அப்படியா? பரவாயில்ல மாமா. நாளைக்குக் காலையில சாவி குடுக்கிறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிடலாம். நானும் கூட வரேன். இருங்க, டீ போடறேன். முகமே வாடிப்போச்சு உங்களுக்கு."

அவள் நம்பினாள். திட்டியிருந்தாலோ சந்தேகப்பட்டிருந்தாலோ அவர் தாங்கியிருப்பார். அவள் நம்பியதை அவரால் தாங்க முடியவில்லை. பல் இடுக்கில் இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார்.

தையல்காரம்மா மெஷினுக்குப் பின்னாலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கா தெரியாது? ஆனால் மருமகள் முன்னால் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள், அவ்வளவுதான்.

விளக்குப் போடுகிற நேரம். மருமகள் டீயோடு வந்தாள். அவர் கையில் அதைக் கொடுக்கிறாள், வாசலில் குரல் கேட்கிறது.

"என்ன சார் நீங்க? வந்தீங்க, இனிப்பு எடுத்தீங்க, டீ கொண்டு வர்றதுக்குள்ள ஓடிட்டீங்க?"

செயலாளர். சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

டீ டம்ளர் அவர் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் நின்றது. அவள் விட்டுவிடவும் இல்லை, அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை. பிறகு மெதுவாக அதை மேஜையில் வைத்தாள்.

"ஒரு விஷயம் கேட்க மறந்துட்டேன். நாளைக்குச் சாவி குடுக்கிறப்போ நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் சார். நேர்மையைப் பத்திப் பேசுங்க. உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அது பிளக்கவில்லை. மருமகள் அடுப்படிக்குப் போகவில்லை. அங்கேயே நின்றாள். துணைக்கு நிற்கிறாளா, காவலுக்கு நிற்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

"அந்தக் கடைசிக் கேள்வி இருக்கே சார்..." என்று ஆரம்பித்தார்.

"அதைத்தான் ஊரே பேசுது!"

"பேச விடுங்க. அவ எழுதினதுதான் சரி. வெள்ளிதான் சரி. நான்தான் தப்பு. அதைச் சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் இருந்தாங்க. வெட்கமா இருந்துச்சு. சொல்லாம இனிப்பைத் தின்னுட்டு வந்துட்டேன்." மூச்சு வாங்கினார். மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னார், "வீடு பூட்டியிருக்குன்னு இவகிட்ட பொய்யும் சொன்னேன்."

துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திறந்து செயலாளர் கையில் வைத்தார்.

செயலாளர் படித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்தீங்களே சார். நீங்க வந்தப்போ அவ கைப்பையை மாட்டிட்டு நின்னா, பார்த்தீங்க இல்ல? கடைக்குப் போய் வேலையை விட்டுட்டு வரத்தான் கிளம்பிட்டு இருந்தா. முதலாளி ரொம்ப நாளா வேற ஆள் வெக்கணும்னு பார்த்துட்டு இருந்தான். அவ சொன்ன உடனே அந்த இடத்துக்கு ஆள் போட்டுட்டானாம். இப்பத்தான் வந்து சந்தோஷமாச் சொன்னா." அவர் புத்தகத்தை மூடினார். "அப்பவே நீங்க வாயைத் தொறந்திருந்தா அவ படியே இறங்கியிருக்க மாட்டாளே சார்."

கட்டம் சாருக்கு அந்தத் தெருமுனை ஞாபகம் வந்தது. அவளோடு சேர்ந்துதானே படியிறங்கினார்! கூப்பிடு தூரத்தில் போய்க்கொண்டிருந்தாளே!

தையல்காரம்மா, "அட கடவுளே" என்றாள்.

மருமகள் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்:

"இனிமே அந்த வேலையை நான் எப்படி மாமா வாங்கிக்கிறது?"